பெருக்கு, கூட்டு, நேரத்துக்கு முடி! டி.எஸ்.பி. சிப்களின் வடிவமைப்பு

புதிய கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குச் சென்றால் நாம் முதலில் கேட்பது "பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்றுதான். இன்றைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களின் பிராசசர்கள் 4 கிகாஹெர்ட்ஸையும் தாண்டி ஓடுகின்றன. வெளி இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனுக்குள் இருக்கும் சிப்பின் வேகம் பொதுவாக இதைவிடப் பல மடங்கு குறைவு. அது ஒரு சிறிய பேட்டரியில் மணிக்கணக்கில் ஓட வேண்டும். ஆனாலும் அந்தச் சிறிய சிப் செய்யும் வேலையை உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசரிடம் கொடுத்தால், அதனால் உரிய நேரத்தில் முடித்துத் தர இயலாது!

எப்படி இது? மாட்டு வண்டி பந்தயக் காரை முந்துவது போல அல்லவா இருக்கிறது என்று கேட்கலாம். காரணம், இந்தச் சிப்கள் வேறு ஒரு நோக்கத்திற்காக வடிவமைக்கப்பட்டவை. இவற்றை டிஜிட்டல் சிக்னல் பிராசசர் என்பார்கள், சுருக்கமாக டி.எஸ்.பி. செல்போன், மோடம், சவுண்ட் கார்டு, காது கேட்கும் கருவி, கார் என நம்மைச் சுற்றிலும் இவை இருக்கின்றன. இவை எப்படி வடிவமைக்கப்படுகின்றன, சாதாரண பிராசசரிலிருந்து எதில் மாறுபடுகின்றன என்பதை இங்கே பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால், இன்று லேப்டாப் விளம்பரங்களில் வரும் என்.பி.யூ., டாப்ஸ் போன்ற சொற்களின் பொருளும் எளிதில் விளங்கும்.

ஒலி எண்ணாக மாறும் விதம்

நாம் பேசும் ஒலி காற்றில் அலையாகச் செல்கிறது. மைக் அதனை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஏ.டி.சி. எனப்படும் சுற்று அந்த மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாகத் தருகிறது. இந்த எண் ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள். இந்த எண்களைக் கணக்குப் போட்டு மாற்றி, மீண்டும் டி.ஏ.சி. என்ற சுற்றின் வழியே மின்னழுத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் மாற்றப்பட்ட ஒலி கிடைக்கும். நடுவில் உள்ள கணக்கு வேலைதான் டி.எஸ்.பி.யின் வேலை.

டெலிபோன் பேச்சுக்கு ஒரு விநாடியில் 8,000 சாம்பிள்கள் எடுக்கப்படுகின்றன. அதாவது 125 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆடியோ சி.டி.யில் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 44,100 சாம்பிள்கள்; இங்கே இடைவெளி சுமார் 22.7 மைக்ரோ விநாடி மட்டுமே.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சாம்பிள்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்போது, ஒரு குடம் நிறைவதற்குள் அடுத்த குடம் தயாராக இருக்க வேண்டும். ஒரு குடம் தாமதமானாலும் தண்ணீர் வீணாகிவிடும். அதுபோல அடுத்த சாம்பிள் வருவதற்குள் முந்தைய சாம்பிளுக்கான கணக்கு முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் வெட்டு விழும்; "டப்" என்ற சத்தம் கேட்கும். ஒரு வேர்ட் பைல் திறப்பதற்கு அரை விநாடி அதிகமானால் நமக்கு ஒன்றும் ஆகாது. இங்கே விடை சரியாக இருந்தாலும் தாமதமாக வந்தால் அது பயனற்ற விடைதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்கு

சரி, அப்படி என்ன கணக்கு? பள்ளிக்கூடத்தில் படித்த சராசரியிலிருந்து தொடங்குவோம். அடுத்தடுத்து ஐந்து சாம்பிள்கள் 20, 24, 19, 25, 22 என வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் சராசரி 22. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். ஒவ்வொரு எண்ணையும் 0.2 ஆல் பெருக்கி, கிடைப்பதைக் கூட்டுங்கள்: 4 + 4.8 + 3.8 + 5 + 4.4. விடை அதே 22. அடுத்த சாம்பிள் வந்ததும் பழைய 20 வெளியேறும். புதியது உள்ளே வரும். மீண்டும் ஐந்து பெருக்கல், அவற்றின் கூட்டல்.

இப்படிச் செய்தால் மேலும் கீழும் துள்ளும் எண்கள் அமைதியாகிவிடும். ஒலியில் இதற்குப் பொருள், கீச்சென்ற உயர் ஒலிகள் அடங்கி, கனத்த ஒலிகள் மட்டும் கடந்து வருகின்றன என்பது. 0.2 என்ற எண்ணுக்குப் பதிலாக வேறு எண்களைப் போட்டால் விளைவும் மாறும். அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களை 0.5, –0.5 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் கனத்த ஒலிகள் அடங்கி உயர் ஒலிகள் தங்கும். இந்தப் பெருக்கும் எண்களைக் கெழு என்பார்கள். உங்கள் மீடியா பிளேயரின் ஈக்வலைசரில் பாஸ், ட்ரெபிள் குமிழ்களை நகர்த்தும்போது பின்னால் மாறுவது இத்தகைய கெழுக்கள்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு டிஜிட்டல் பில்டர் என்று பெயர். தரமான பில்டரில் ஐந்து அல்ல, ஐம்பது, நூறு என்று கெழுக்கள் இருக்கும். ஸ்பீக்கர் போனில் பேசும்போது நம் குரல் நமக்கே எதிரொலிக்காமல் தடுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 64 மில்லி விநாடி நீளமுள்ள எதிரொலியை நீக்க 512 கெழுக்கள் வேண்டும். அறை மாறினால் எதிரொலியும் மாறும் என்பதால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் அந்த 512 கெழுக்களையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் ஒவ்வொரு கெழுவுக்கு ஒரு பெருக்கலும் கூட்டலும். ஆக ஒரு சாம்பிளுக்கு 1,024 முறை. விநாடிக்கு 8,000 சாம்பிள்கள் என்றால் 81,92,000 முறை பெருக்கிக் கூட்ட வேண்டும்!

எம்பி3 பாட்டு, ஜேபெக் படம், ரேடார், ஸ்கேன் கருவி என எதை எடுத்துக்கொண்டாலும் வேலையின் பெரும்பகுதி இதே "பெருக்கிக் கூட்டு" கணக்காகவே முடிகிறது. பொறியாளர்கள் இதனை மேக் என்று அழைக்கிறார்கள்.

8086 எங்கே திணறியது?

1978ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட 8086 பிராசசரை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் இன்டெல், ஏ.எம்.டி. பிராசசர்களுக்கு அதுதான் மூதாதை. அதில் இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கக் குறைந்தது 118 கிளாக் துடிப்புகள் தேவைப்பட்டன. 5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு பெருக்கலுக்கே சுமார் 24 மைக்ரோ விநாடி ஆகிவிடும். டெலிபோன் சாம்பிளுக்கான 125 மைக்ரோ விநாடியில் ஐந்து பெருக்கல்களைத்தான் முடிக்க முடியும். கூட்டவும், எண்களை எடுத்து வரவும் நேரமே மிஞ்சாது.

ஏன் இத்தனை தாமதம்? பெருக்குவதற்கென்று அதில் தனிச் சுற்று கிடையாது. நாம் தாளில் பெருக்குவது போல, ஒவ்வொரு இலக்கமாகப் பெருக்கி, ஓர் இடம் தள்ளி எழுதி, கூட்டிக்கொண்டே போகும். ஒரே மூச்சில் பெருக்க வேண்டுமானால் 16 × 16 = 256 பிட் பெருக்கல்களை ஒரே நேரத்தில் செய்து, இருநூறுக்கும் மேற்பட்ட கூட்டல் சுற்றுகளால் அவற்றை இணைக்க வேண்டும். 8086 சிப்பில் மொத்தமே சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள்தான். எப்போதோ ஒருமுறை செய்யும் பெருக்கலுக்காக அதில் பெரும்பகுதியை ஒதுக்க யாருக்கும் மனம் வராது. கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சு செய்யவும் அது போதுமானதாகவே இருந்தது.

சிக்னல் வேலைக்குச் சிப் தயாரித்தவர்கள் இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தார்கள். பெருக்கும் சுற்றுக்கே முதலிடம். மற்றவை எல்லாம் அதைச் சுற்றி என்றார்கள்.

முதல் சிப்கள்

1978இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் என்ற பொம்மையை வெளியிட்டது. அது ஒரு சொல்லை உச்சரிக்கும். குழந்தை அதன் எழுத்துகளை வரிசையாக அழுத்த வேண்டும். அதன் குரலைச் சிறிய சிப் ஒன்று டிஜிட்டல் பில்டர் மூலம் உருவாக்கியது. ஆனால் அந்தச் சிப்புக்கு அந்த ஒரு வேலை மட்டுமே தெரியும். 1979இல் இன்டெல் 2920 என்ற சிப்பைக் கொண்டு வந்தது. அதை விரும்பியபடி புரோகிராம் செய்யலாம், ஏ.டி.சி.யும் டி.ஏ.சி.யும்கூட உள்ளேயே இருந்தன. ஆனால் பெருக்கும் சுற்று இல்லை. 1980 வாக்கில் பெல் லேப்ஸும் ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனமும் பெருக்கும் சுற்றுடன் சிப்களைக் கொண்டு வந்தன.

பெரும் சந்தையைப் பிடித்தது 1982இல் அறிவிக்கப்பட்ட டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்32010. இதில் 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க ஒரே ஒரு கட்டளைச் சுற்று போதும். அதற்கு 200 நானோ விநாடி. 8086 எடுத்துக்கொண்டதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு! பெருக்க ஒரு கட்டளை, கூட்ட ஒரு கட்டளை என ஒரு மேக் கணக்கு 400 நானோ விநாடியில் முடிந்தது. அந்தக் கூட்டும் கட்டளையே, அடுத்த எண்ணை எடுத்து வருவதையும் பழைய சாம்பிளை ஓரிடம் தள்ளி வைப்பதையும் சேர்த்தே செய்துவிடும். 24 மைக்ரோ விநாடி எங்கே, 0.4 மைக்ரோ விநாடி எங்கே!

முதல் வடிவமைப்பு: வாசல்கள் தனித்தனி

வேகமான பெருக்கும் சுற்று இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், சமையல் கட்டிலிருந்து சாதமும் சாம்பாரும் வந்து சேர வேண்டும் அல்லவா? சமையல் கட்டுக்கு ஒரே ஒரு வாசல்தான் என்றால் சாதம் கொண்டு வருபவரும் சாம்பார் கொண்டு வருபவரும் ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு மேக் கணக்குக்கு மெமரியிலிருந்து மூன்று பொருள்கள் வர வேண்டும்: என்ன செய்வது என்ற கட்டளை, சாம்பிள், கெழு. சாதாரண கம்ப்யூட்டர் அமைப்பில் கட்டளையும் டேட்டாவும் ஒரே மெமரியில், ஒரே பாதையில் வருகின்றன. ஆகவே மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். டி.எஸ்.பி. சிப்களில் கட்டளைக்கு ஒரு மெமரி, டேட்டாவுக்கு வேறு மெமரி, இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. இதற்கு ஹார்வர்டு அமைப்பு என்று பெயர். 1944இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்டு மார்க் 1 கம்ப்யூட்டரில் கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவிலும், எண்கள் இயந்திரச் சக்கரங்களிலும் தனித்தனியே இருந்தன. அதிலிருந்து வந்த பெயர் இது.

1980களில் வந்த மோட்டோரோலா 56000 குடும்பம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கட்டளைக்கு ஒன்று, டேட்டாவுக்கு எக்ஸ், ஒய் என இரண்டு, ஆக மூன்று மெமரிகள். சாம்பிளை எக்ஸிலும் கெழுவை ஒய்யிலும் வைத்துவிட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

இரண்டாவது: நிரம்பி வழியாத பாத்திரம்

இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் விடை 32 பிட் வரை போகும். அப்படிப்பட்ட 256 விடைகளைக் கூட்டினால் இன்னும் 8 பிட்கள் தேவை. ஆகவே பல 16 பிட் டி.எஸ்.பி.களில் கூட்டுத்தொகை சேரும் அக்யுமுலேட்டர் 40 பிட் அகலம் கொண்டது. மோட்டோரோலா 56000இல் எண்கள் 24 பிட், பெருக்கினால் 48, அதனுடன் 8 சேர்த்து 56 பிட். குழம்பு பொங்கி வழியாமல் இருக்கப் பாத்திரத்தில் மேலே கொஞ்சம் இடம் விடுகிறோமே, அதுபோல்தான்.

கணக்கு முடிந்ததும் விடையை மீண்டும் 16 பிட்டுக்குள் அடக்க வேண்டும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32767. அதனுடன் 1 கூட்டினால் சாதாரண பிராசசரில் வரும் விடை –32768! ஒலியில் இதற்கு என்ன பொருள்? அலையின் உச்சியில் இருந்த புள்ளி திடீரென அடிப்பாதாளத்தில் விழுகிறது. ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கும் சத்தம் வரும். டி.எஸ்.பி.யில் இதற்குச் சாச்சுரேஷன் என்ற வசதி உண்டு. எல்லையைத் தாண்டினால் 32767இலேயே நின்றுவிடும். விடை கணக்குப்படி தவறுதான். ஆனால் ஒலி லேசாகக் கரகரப்பதோடு போய்விடும்.

மூன்றாவது: விரயமில்லாத சுற்று

நூறு கெழுக்கள் என்றால் அதே கட்டளையை நூறு முறை செய்ய வேண்டும். சாதாரண புரோகிராமில் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் குறைத்து, "முடிந்ததா?" என்று சோதித்து, மீண்டும் தொடக்கத்துக்குத் தாவ வேண்டும். உண்மையான வேலையைவிட இந்த மேற்பார்வை வேலை அதிகமாகிவிடும். டி.எஸ்.பி.யில் "இந்தக் கட்டளையை நூறு முறை செய்" என்று ஒரே தடவை சொன்னால் போதும். எண்ணுவதைத் தனிச் சுற்று ஒன்று பார்த்துக்கொள்ளும்.

புதிய சாம்பிள் வரும்போது பழைய நூறையும் ஓரிடம் தள்ளி வைக்க வேண்டுமே? அதற்கும் பின்னால் வந்த சிப்களில் வழி உண்டு. சாம்பிள்களை வட்டமாக அடுக்கியதாகக் கொண்டு, மிகப் பழையதன் இடத்தில் புதியதை எழுதிவிட்டு, "தொடக்கம் இங்கே" என்ற அடையாளத்தை மட்டும் நகர்த்துவார்கள். வரிசையின் கடைசிக்கு வந்ததும் தானாக முதலிடத்துக்குத் திரும்புவதை முகவரி கணக்கிடும் சுற்றே செய்துவிடும். இதற்குச் சர்க்குலர் பஃபர் என்று பெயர்.

இன்னொரு விந்தையான வசதியும் உண்டு. ஒரு ஒலியில் என்னென்ன அதிர்வெண்கள் கலந்துள்ளன என்று பிரித்துக் காட்டும் கணக்கை நேரடியாகச் செய்தால், 1,024 சாம்பிள்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. 1965இல் கூலி, டூகி என்ற இருவர் வெளியிட்ட எஃப்.எஃப்.டி. முறையில் இது 5,120 ஆகக் குறைகிறது. ஆனால் அந்த முறையில் எண்களின் வரிசை கலைந்துவிடும். எட்டு எண்கள் என்றால் 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்று வரும். பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1 என்பது பைனரியில் 001. திருப்பிப் போட்டால் 100, அதாவது 4. 3 என்பது 011. திருப்பினால் 110, அதாவது 6. முகவரியின் பிட்களைத் திருப்பிப் போட்டுப் படிக்கும் வசதியைச் சிப்பிலேயே வைத்துவிட்டால் வரிசை தானாகச் சரியாகிவிடும். கணக்குமுறை ஒன்றுக்காகச் சிப்பின் உறுப்பே மாற்றி அமைக்கப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நான்காவது: நேரம் தவறாமை

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இன்றைய கம்ப்யூட்டர் பிராசசர்களிலும் அதிவேகப் பெருக்கும் சுற்றுகள் உண்டு. பிறகு ஏன் அவற்றால் ஹெட்போன் வேலையைச் செய்ய முடியாது?

அவை சராசரி வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைக் கேஷ் மெமரியில் வைத்திருக்கும். அங்கே இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் ராமுக்குப் போய் வர வேண்டும். அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்து வைக்கும். ஊகம் தவறினால் செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கும். இதற்கு மேல் விண்டோஸ் வேறு, நூறு வேலைகளுக்கு நடுவே பிராசசரைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. பெரும்பாலும் மிக வேகம். எப்போதாவது திடீர்த் தாமதம். அந்த "எப்போதாவது" ஒலிக்கு ஆகாது.

இதைச் சமாளிக்கக் கம்ப்யூட்டரில் சாம்பிள்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கணக்கிடுவார்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற நிலையில், 256 சாம்பிள்கள் சேர 5.3 மில்லி விநாடி ஆகும். பாட்டு கேட்க இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 5.3 மில்லி விநாடியில் அது 1.8 மீட்டர் கடந்துவிடும். ஹெட்போனின் வெளி மைக்குக்கும் உங்கள் காதுக்கும் இடையே 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இரைச்சல் அந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் 58 மைக்ரோ விநாடிதான். அதற்குள் மைக் கேட்டதை எண்ணாக்கி, எதிர் அலையைக் கணக்கிட்டு, ஸ்பீக்கருக்கு அனுப்பியாக வேண்டும். கம்ப்யூட்டர் தன் 256 சாம்பிள்களைச் சேர்த்து முடிப்பதற்குள் இரைச்சல் காதுக்குள் நுழைந்து, அதன் பிறகும் நூறு மடங்குக்கு நெருங்கிய நேரம் போயிருக்கும்!

எனவே டி.எஸ்.பி. வடிவமைப்பாளர்கள் ஊகங்களைத் தவிர்த்தார்கள். எந்தக் கட்டளைக்கு எத்தனை துடிப்பு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பின்னாளில் கேஷ் வைத்த சிப்களிலும், அதன் ஒரு பகுதியைச் சாதாரண மெமரியாக ஒதுக்கிக்கொள்ளும் வசதி தரப்பட்டது. 1997இல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி6000 குடும்பம் ஒரே துடிப்பில் எட்டுக் கட்டளைகள் வரை நிறைவேற்றக்கூடியது. எந்த எட்டைச் சேர்த்துச் செய்வது என்பதை ஓடும்போது சிப் முடிவு செய்வதில்லை. புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலர் முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஊகிக்கும் சுற்றுகள் இல்லாததால் மின்சாரமும் மிச்சம்.

இதற்கு விலையும் உண்டு. இத்தகைய சிப்பில் விண்டோஸும் பிரவுசரும் ஓட்டுவது வீண் முயற்சி. புரோகிராம் எழுதுவதும் கடினம். நீண்ட காலம் முக்கியப் பகுதிகளை அசெம்பிளி மொழியில், துடிப்புகளை எண்ணி எண்ணி எழுதினார்கள்.

நம் கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

1988இல் வெளியான நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் முதன்மை பிராசசருடன் ஒரு மோட்டோரோலா 56001 டி.எஸ்.பி.யும் இருந்தது. 1992இல் வந்த அடாரி பால்கனிலும் அதே சிப் இடம்பெற்றது. 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டில் ஒலிக்கென்றே சக்திவாய்ந்த சிப் இருந்தது.

டயல் அப் இணைப்பு நாட்களில் இரண்டு வகை மோடம்கள் விற்றது நினைவிருக்கலாம். விலை கூடிய மோடத்தில் சிக்னல் வேலையைச் செய்ய டி.எஸ்.பி. இருந்தது. மலிவான "சாஃப்ட் மோடம்" அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் பிராசசர் தலையிலேயே கட்டியது. இணைப்பில் இருக்கும்போது கம்ப்யூட்டர் தடுமாறியதற்கும், லினக்ஸில் பல மோடம்கள் இயங்க மறுத்ததற்கும் இதுவே காரணம்.

மறுபக்கம் சாதாரண பிராசசர்கள் டி.எஸ்.பி.யின் உத்திகளைக் கற்றுக்கொண்டன. 1997இல் எம்.எம்.எக்ஸ். வசதியுடன் பெண்டியம் வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 57 புதிய கட்டளைகளில் ஒன்று, நான்கு ஜோடி 16 பிட் எண்களை ஒரே நேரத்தில் பெருக்கி, இரண்டிரண்டாகக் கூட்டித் தரும். 32767இல் நின்றுவிடும் சாச்சுரேஷன் கூட்டலும் அதில் இருந்தது. இப்படிக் கம்ப்யூட்டரே பெரும்பாலான ஒலி வேலையைச் செய்யத் தொடங்கியதும் தனி சவுண்ட் கார்டுக்கான தேவை குறைந்தது.

செல்போனில் மட்டும் டி.எஸ்.பி. அசையவில்லை. அங்கே மின்சாரம் பேட்டரியில் இருந்து வருகிறது. ஜி.எஸ்.எம். போனில் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை 160 சாம்பிள்களை 260 பிட்டாகச் சுருக்க வேண்டும். அப்போதுதான் விநாடிக்கு 13,000 பிட்களில் குரல் போய்ச் சேரும். ஒரு அழைப்பு முழுவதும் இந்தக் கெடு ஒருமுறைகூடத் தவறக் கூடாது.

டாப்ஸ் என்றால் என்ன?

இப்போது லேப்டாப் விளம்பரத்தைப் பார்ப்போம். "என்.பி.யூ., 40 டாப்ஸ்" என்று போட்டிருப்பார்கள். செயற்கை நுண்ணறிவின் நரம்பு வலை என்பதும் அடிப்படையில் எண்களைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டும் வேலைதான். ஆகவே டி.எஸ்.பி.யின் அதே பெருக்கிக் கூட்டும் சுற்று இங்கே ஆயிரக்கணக்கில் அடுக்கப்படுகிறது. கூகுள் தன் மையங்களில் 2015இல் பயன்படுத்தத் தொடங்கிய டி.பி.யூ. சிப்பில் 256 வரிசை, வரிசைக்கு 256 என 65,536 மேக் சுற்றுகள் இருந்தன. குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் சிப்களில் ஹெக்சகான் என்ற பெயரில் டி.எஸ்.பி.யாகத் தொடங்கிய பகுதியே வளர்ந்து இன்று என்.பி.யூ. என்று அழைக்கப்படுகிறது.

டாப்ஸ் என்பது விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள். இதில் பெருக்கலை ஒன்றாகவும் கூட்டலை இன்னொன்றாகவும் எண்ணுவது வழக்கம். ஆகவே 40 டாப்ஸ் என்றால் 20 லட்சம் கோடி மேக். 1982இன் டிஎம்எஸ்32010 விநாடிக்கு 25 லட்சம் மேக் செய்தது. ஏறத்தாழ 80 லட்சம் மடங்கு வளர்ச்சி! ஆனால் அது 16 பிட் எண்களைக் கையாண்டது. டாப்ஸ் கணக்கு பெரும்பாலும் 8 பிட் எண்களுக்கானது என்பதையும் மறக்கக் கூடாது.

வாங்கும்போது கவனியுங்கள்

1. டாப்ஸ் எண்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே பிட் அளவுக்குச் சொல்லப்பட்டவையா என்று பாருங்கள். 4 பிட் கணக்கில் சொன்ன எண் இயல்பாகவே பெரிதாகத் தெரியும்.

2. இந்த எண்கள் எல்லாச் சுற்றுகளும் ஓய்வின்றி இயங்கும்போது கிடைக்கும் உச்ச அளவு. மெமரி வேகமாக இல்லாவிட்டால் பந்தியில் சாதம் வராத கதைதான். மெமரியின் அளவையும் வேகத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

3. கம்ப்யூட்டரில் பாடல் பதிவு செய்யும்போது "டப் டப்" என்று வெட்டு விழுகிறதா? உடனே பிராசசரைக் குறை சொல்ல வேண்டாம். ஒலிப்பதிவு மென்பொருளில் பஃபர் சைஸ் என்ற அமைப்பை 128இலிருந்து 256, 512 என்று கூட்டிப் பாருங்கள். தாமதம் சற்றுக் கூடும், வெட்டு நிற்கும். பாடிக்கொண்டே உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்றால், ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் "டைரக்ட் மானிட்டர்" வசதி உள்ள ஆடியோ இன்டர்பேஸை வாங்குங்கள்.

4. இரைச்சல் தடுக்கும் ஹெட்போன் வாங்கும்போது பஸ், ஏ.சி. போன்ற தொடர்ச்சியான கனத்த ஒலியில் சோதியுங்கள். மெதுவாக ஏறி இறங்கும் அலை என்பதால் அதில் சில மைக்ரோ விநாடித் தாமதம் பெரிதாகத் தெரியாது. கீச்சென்ற ஒலியில் அதே தாமதம் எதிர் அலையைத் தடம் மாற்றிவிடும். அதனால்தான் விசில் சத்தம் ஓரளவு கேட்கவே செய்யும். அது பழுது அல்ல.